ஸ்கோஹாரி ஆற்றில் நிற்கும் தொட்டிப்பாலம்

வெள்ளிக்கிழமை, ரெக்ஸ்ஃபோர்ட்

அப்பா நியூஜெர்சிக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. நயாகராவைக் காட்டினேன், நியூயார்க்கைக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏம்மா, இந்த ஊர்ல வாய்க்கா எதுவும் கிடையாதா?" என்று கேட்டார். மன்னார்குடிப் பக்கம் பொதுப்பணித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் மதகும் கரையுமாகக் கழித்தவர். இதை முதல் வாரமே நான் யோசித்திருக்க வேண்டும்.

அப்படித்தான் இந்தப் பயணம். மூன்று நாள், ஈரி கால்வாய். ஆல்பனியில் ஹட்சன் ஆற்றோரம் தொடங்கி பஃபலோவில் ஈரி ஏரியில் முடியும் 363 மைல் நீர்வழி. 1817 ஜூலை 4 அன்று ரோம் என்ற ஊரில் முதல் மண்ணை வெட்டினார்கள். 1825 அக்டோபரில் வேலை முடிந்தது. ஆளுநர் டிவிட் கிளிண்டன் முன்னின்று நடத்திய வேலை என்பதால், நடக்காது என்று நினைத்தவர்கள் அதற்கு 'கிளிண்டனின் பள்ளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அகலம் 40 அடி, ஆழம் வெறும் 4 அடி.

"நாலடியா? நம்ம 'பி' சேனல் வாய்க்கால்ல அதுக்கு மேல போகும்" என்றார் அப்பா, காரில் சாய்ந்தபடி. அந்த நாலடித் தண்ணீரில் கோவேறு கழுதையும் குதிரையும் கரையில் நடந்து படகை இழுத்தன என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு போய்ச்சேர 100 டாலர் ஆன காலம் அது. கால்வாய் வந்தபின் 10 டாலருக்கும் கீழே இறங்கியது.

நான் அவருக்குக் காட்ட நினைத்தது முழுக் கால்வாயையும் அல்ல, அது ஆறுகளைக் கடந்த இடங்களை. மண்ணை வெட்டித் தண்ணீர் விடுவது உழைப்பு. குறுக்கே ஓர் ஆறு வரும்போது என்ன செய்வது என்பதுதான் பொறியாளரின் கவலை. முதல் கால்வாயில் அப்படி 18 இடங்களில் தொட்டிப்பாலம் கட்டினார்கள். குமரி மாவட்டத்து மாத்தூரில் நாம் சொல்கிற அதே சொல்லைத்தான் இங்கேயும் பயன்படுத்தப் போகிறேன். கீழே ஆறு, மேலே தொட்டியில் கால்வாய்.

பொழுது சாயும் நேரத்தில் ரெக்ஸ்ஃபோர்ட் வந்துசேர்ந்தோம். இங்கே மோஹாக் ஆறு அகலமாக, அமைதியாகப் போகிறது. தென்கரை செங்குத்தான பாறை என்பதால் கால்வாய் இங்கே வடகரைக்குத் தாவி, 12 மைல் போய், கிரெசென்ட் என்ற இடத்தில் மறுபடி தென்கரைக்குத் திரும்பியது. இரண்டு இடத்திலும் தொட்டிப்பாலம். ரெக்ஸ்ஃபோர்டில் 1842இல் எழுப்பியது 610 அடி நீளம். இன்று கரையோரம் சில வளைவுகள் மட்டும், புதுப் பாலத்தின் நிழலில். படம் எடுத்தோம். கால் மணி நேரத்தில் இருட்டத் தொடங்கிவிட்டது. நாளைதான் முக்கியமான நாள்.

சனிக்கிழமை, ஃபோர்ட் ஹண்டர்

காலை ஏழரைக்கெல்லாம் ஸ்கோஹாரி கிராசிங் வந்துவிட்டோம். கேட்ஸ்கில் மலையில் பிறந்து வடக்கே ஓடிவரும் ஸ்கோஹாரி, மோஹாக்கில் கலப்பதற்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த இடம். மாநில அரசு பாதுகாக்கும் வரலாற்றுத் தலம். செப்டம்பர் மாதம், ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லாத இடங்கள் தெரிந்தன. கூழாங்கற்களுக்கு மேல் சலசலப்பு, மேலே மெல்லிய பனிமூட்டம்.

அந்தப் பனிமூட்டத்துக்குள் வளைவுகள் நின்றன.

சாம்பல் நிறக் கருங்கல் மாதிரித் தெரிந்தது, கிட்டே போனால் சுண்ணாம்புக்கல். ஒரு கரையிலிருந்து வரிசையாகக் கிளம்பி, நடு ஆற்றில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் வெறும் வானமும் தண்ணீரும். கடைசித் தூணின் பக்கவாட்டில் அடுத்த வளைவு தொடங்க வேண்டிய கற்கள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நான் படங்களில் பலமுறை பார்த்ததுதான். ஆனாலும் தொண்டை அடைத்தது.

அப்பா பேசவில்லை. கரையோரமாக முன்னும் பின்னும் நடந்தார். பிறகு கேட்டார்: "இது எவ்வளவு அகலத் தொட்டி?"

பெரிதாக்கிய கால்வாய் 70 அடி அகலம் என்றேன். தொட்டியில் அது குறுகும், ஆனாலும் இரண்டு படகு போகிற அளவு இருந்திருக்கும்.

"அப்ப இந்த வளைவு ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு? இது மேல ஒரு மாட்டு வண்டிதான் போகும்."

எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லவில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். தூண்களைக் கை காட்டினார். வளைவு முடிந்த பிறகும் ஒவ்வொரு தூணும் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகிறது, மேலே எதையும் தாங்காமல். "தொட்டி அந்தப் பக்கம் இருந்திருக்கு. மரத்துல! தூணுக்குத் தூண் உத்தரம் போட்டு, பலகை அடிச்சு... வளைவு மேல கழுதை நடந்திருக்கு."

அதேதான். கல் வளைவுகள் சுமந்தது இழுவைப் பாதையை மட்டுமே. தண்ணீரும் படகும் போனது மரத்தொட்டியில். இந்த ஊரில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை எல்லாம் உறைந்துபோகும், கால்வாயை வடித்துவிடுவார்கள். கல் தொட்டியின் இணைப்புகளில் நின்ற தண்ணீர் உறைந்தால் கல் பிளக்கும். மரம் நெகிழும், இற்றுப்போன பலகையை மாற்றிக்கொள்ளலாம். கால்வாய் மூடியதும் மரம் போய்விட்டது. நாம் இன்று பார்ப்பது பாலத்தை அல்ல, பாலத்தின் ஓரத்தில் போன நடைபாதையை. இதை அறியாமல் எத்தனை பேர் "எவ்வளவு சின்னப் பாலம்" என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை வடிவமைத்தவர் ஜான் ஜெர்விஸ். 1817இல் ரோமில் கால்வாய் அளவெடுத்தபோது மரம் வெட்டும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். கோடாரி பிடித்த கை லெவல் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. பின்னாளில் நியூயார்க் நகரத்துக்குக் குரோட்டன் ஆற்றின் தண்ணீரைக் கொண்டுவந்ததும் அவர் பொறுப்பில்தான். அன்றைக்கு அமெரிக்காவில் பொறியியல் கல்லூரிகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. இந்தக் கால்வாய்தான் அவர்களுக்குக் கல்லூரி. அப்பாவும் கடைநிலை ஊழியரான லஸ்கராகச் சேர்ந்து மேலே வந்தவர். ஜெர்விஸ் கதையை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்.

14 வளைவு, 624 அடி. 1841இல் கட்டி முடித்தார்கள், 1845இல் படகு ஓடியது. அதற்கு முன்னால் எப்படிக் கடந்தார்கள்?

அதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் போதும். முதல் கால்வாயில் இந்த இடத்தில் தொட்டிப்பாலம் இல்லை. பணமும் காலமும் இல்லை. 1822இல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை போட்டு, தண்ணீரைத் தேக்கி, அந்தத் தேக்கத்தின் வழியாகவே படகைக் கயிறு கட்டி இழுத்து அக்கரை சேர்த்தார்கள். இரண்டு கரையிலும் ஒரு லாக். லாக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த கல்தொட்டி. பொதுவாகப் படகை உள்ளே விட்டு, நீரை ஏற்றி இறக்கி, மட்டம் மாற்றுவதற்குத்தான் அது. இங்கே இருந்ததன் வேலை வேறு. ஆறு பெருகும்போது கால்வாய்க்குள் வெள்ளம் நுழையாமல் காப்பது. காவல் லாக் என்றே பெயர். கிழக்குக் கரையில் இருந்ததன் கல் மிச்சங்கள் புல்லுக்கு நடுவே இருக்கின்றன. அப்பா குனிந்து கதவு உட்கார்ந்த குழிவைத் தடவிப் பார்த்தார். "தலைமதகு மாதிரிதான்" என்றார்.

ஆறு சாதுவாக இருந்த நாளில் சரி. ஆனால் ஸ்கோஹாரி சாதுவான ஆறு அல்ல. மோஹாக் மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு 'மிதந்து வரும் மரங்கள்' என்று பொருள் சொல்கிறார்கள். மலையில் மழை கொட்டினால் வேரோடு பிடுங்கிய மரங்களோடு இறங்கும். வசந்தத்தில் பனிக்கட்டிப் பாளங்கள். அதற்குக் குறுக்கே கயிற்றில் ஒரு படகு! கடக்க முடியாமல் இரு பக்கமும் படகுகள் வரிசை கட்டிக் காத்திருந்தன. 1836இல் கால்வாயை அகலமாக்கத் தொடங்கியபோது, இந்த ஆற்றோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அதற்கு மேலே போய்விடலாம் என்று முடிவெடுத்ததற்கு அதுதான் காரணம்.

மதியம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு மரத்தடி. இலைகளின் நுனியில் சிவப்பு தொடங்கியிருக்கிறது.

சாப்பிட்ட இடத்திலிருந்து வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1710இல் பழங்குடித் தலைவர்கள் நால்வர் லண்டனுக்குப் போய் ஆன் அரசியைச் சந்தித்தார்கள். அதன் தொடர்ச்சியாக இங்கே மோஹாக் மக்களின் ஊரை ஒட்டி ஆங்கிலேயர்கள் ஹண்டர் கோட்டையைக் கட்டினார்கள், அரசியின் பெயரில் ஒரு தேவாலயமும் எழுந்தது. 1820இல் கால்வாய்க்கு வழிவிட அந்தத் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். கோட்டை எங்கே இருந்தது என்பதே மண்ணுக்குள் போயிற்று. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல். ஸ்கோஹாரி கரையை மீறி வந்து வண்டி நிறுத்துமிடத்தின் தாரையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்து பார்த்தால், பள்ளத்தில் கோட்டையின் அஸ்திவாரக் கற்கள்.

மோஹாக் மக்களுக்கு இந்தக் கால்வாய் என்னவாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அமெரிக்கப் புரட்சிப் போரோடு அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுக் கனடாவுக்குப் போக நேர்ந்தது. கால்வாய் வெட்டியது அவர்கள் இழந்த மண்ணில்தான். ஆற்றின் பெயர் மட்டும் அவர்களுடையது.

மேலே, தெற்கே ஒரு மைலுக்குள், வண்டிகளின் இரைச்சல் கேட்டது. அது நெடுஞ்சாலைப் பாலம். நேற்று நாங்களும் இதுபோன்ற ஒன்றில்தான் வந்தோம். 1987 ஏப்ரல் 5 காலை, பனி உருகிய தண்ணீரும் மழையும் சேர்ந்து ஸ்கோஹாரி பெருக்கெடுத்தபோது, அங்கே அன்றிருந்த பாலத்தின் ஒரு தூண் சரிந்தது. 1954இல் திறந்த பாலம், முப்பத்து மூன்று வயதுதான். ஐந்து வண்டிகள் ஆற்றில் விழுந்தன. பத்து பேர் இறந்தார்கள்.

"அடி அரிப்பு" என்றார் அப்பா, நான் காரணம் சொல்வதற்கு முன்னாலேயே.

தூணைச் சுற்றிச் சுழலும் வெள்ளம் அடியில் உள்ள மண்ணைத் தோண்டித் தோண்டி எடுக்கும். அஸ்திவாரத்தைச் சுற்றிக் கொட்டிய பாறாங்கற்கள் போதவில்லை, இருந்தவற்றையும் வருஷா வருஷம் வந்த வெள்ளம் நகர்த்திக்கொண்டு போயிருந்தது. மேலே பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்கா முழுவதும் பாலங்களின் தூண்களை நீருக்கு அடியிலும் போய்ப் பரிசோதிப்பது கட்டாயம் ஆனது. அப்பா நெடுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளம் வடிஞ்சதும் மொத வேலையா கழி விட்டு ஆழம் பாக்கணும்னு எங்க ஓவர்சியர் சொல்லுவாரு. வெயில் காலத்துல பாத்தா பள்ளத்துல மணல் மூடியிருக்கும், ஒண்ணும் தெரியாது" என்றார். பிறகு, "பத்து பேரும்மா" என்றார்.

அதற்குப் பிறகு தொட்டிப்பாலத்தைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் பட்டது உடைந்த பகுதி அல்ல. 1841இலிருந்து அந்த ஆற்றில் நின்றுகொண்டிருக்கும் பகுதி. காணாமல் போன வளைவுகளில் பலவற்றை ஆறு கொண்டுபோகவில்லை. கால்வாய் கைவிடப்பட்ட பிறகு, பனிக்கட்டிப் பாளங்கள் தடையில்லாமல் இறங்க வேண்டும் என்று மனிதர்களே அகற்றினார்கள். தாங்கிப் பிடிக்கத் துணை வளைவு இல்லாமல் போன பிறகு, மிஞ்சியவற்றிலும் சில விழுந்தன, 1977இல் ஒன்று, 1998இல் ஒன்று. வளைவு என்பது பக்கத்து வளைவின் மேல் சாய்ந்து நிற்பது. வரிசையை நடுவில் வெட்டினால் கடைசித் தூண் தனியாக அத்தனை உந்தலையும் தாங்க வேண்டும். 1960இலேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்த இடம் இது. அந்தக் கடைசித் தூண் இன்னும் எத்தனை வெள்ளம் தாங்கும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

மாலை, மூன்றாவது வழி. 1918இல் கால்வாயை மறுபடி மாற்றினார்கள். இயந்திரப் படகுகள் வந்துவிட்டன, கழுதையும் இழுவைப் பாதையும் வேண்டாம். மோஹாக் ஆற்றையே ஆழப்படுத்திக் கால்வாயாக்கிவிட்டார்கள். ஸ்கோஹாரியைக் கடக்கவே தேவையில்லை என்றாயிற்று, அது வந்து கலக்கும் ஒரு துணையாறு, அவ்வளவுதான். கலக்குமிடத்துக்குப் பக்கத்தில் டிரைப்ஸ் ஹில்லில் 12ஆம் எண் லாக் இருக்கிறது. அதை ஒட்டிய அணையைப் பார்த்ததும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. ஆற்றின் மேல் ரயில் பாலம் போல இரும்புப் பாலம். அதிலிருந்து இரும்புச் சட்டங்களும் ஷட்டர்களும் தண்ணீருக்குள் தொங்குகின்றன. குளிர்காலம் வருமுன் அத்தனையையும் மேலே தூக்கிவிடுவார்கள். பனிக்கட்டி வரட்டும், வெள்ளம் வரட்டும், ஆறு தன் போக்கில் போகும்.

"ஆத்துக்குக் குறுக்க நிக்காம ஒதுங்கிக்கிது" என்றார். அவர் வாயிலிருந்து ஓர் அணைக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு இது. ஐரீனின்போது இந்த ஆற்றின் அணைகள் பல சேதமடைந்தன என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் யாங்கி ஹில்லில் பழைய 28ஆம் எண் இரட்டை லாக். ஒன்றில் ஏற, ஒன்றில் இறங்க. பக்கத்தில் புட்மன் குடும்பம் நடத்திய பலசரக்குக் கடை, 1850களைச் சேர்ந்தது. படகுக்காரர்கள் லாக்கில் தண்ணீர் ஏறும் நேரத்தில் இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு ஓடிவந்து ஏறுவார்களாம். வெளிச்சம் போய்விட்டது. கொசு.

ஞாயிற்றுக்கிழமை, கமில்லஸ்

மேற்கே இரண்டு மணி நேரம். வழியில் சிட்டனாங்கோ என்ற பெயர்ப்பலகை வந்ததும் அப்பாவுக்கு ஒரு பெயர் சொன்னேன்: கான்வாஸ் ஒயிட். கால்வாய் வேலை தொடங்கிய ஆண்டில் இங்கிலாந்துக்குப் போய், அங்குள்ள கால்வாய்க் கரைகளில் இரண்டாயிரம் மைல் நடந்தே பார்த்துவிட்டு வந்த இளைஞர். தண்ணீருக்குள்ளேயே இறுகும் சிமென்ட்டுக்கு ஏற்ற சுண்ணாம்புக்கல் இந்தச் சிட்டனாங்கோ பக்கம் கிடைத்தது. அது கிடைக்காமலிருந்தால் அத்தனை லாக்குகளும் இங்கிலாந்துச் சிமென்ட்டுக்குக் காத்துக் கிடந்திருக்கும், அல்லது சாதாரணச் சுண்ணாம்பில் கட்டிக் கரைந்திருக்கும். நம் ஊர்ப் பழைய மதகுகளின் சுர்க்கியைப் பற்றி அப்பா சொல்லத் தொடங்கினார். செங்கல் தூளும் சுண்ணாம்பும் அரைத்த கதை கமில்லஸ் வரை வந்தது.

கமில்லஸில் ஒன்பது மைல் ஓடைக்கு மேல் ஒரு தொட்டிப்பாலம். ஸ்கோஹாரியைவிட மிகச் சிறியது, நான்கே வளைவு, 144 அடி. 1845இல் திறந்த அதையும் மரம் அழுகி, வெறும் வளைவும் தூணுமாகத்தான் விட்டுவைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் பல வருஷம் தன்னார்வமாக உழைத்துப் புதுமரத்தில் தொட்டி செய்து, 2009இல் தண்ணீர் விட்டார்கள்.

அதாவது நேற்று மனதுக்குள் கட்டிப் பார்த்த பாலத்தை இன்று கண்ணால் பார்த்தோம். ஒரு பக்கம் கல் வளைவின் மேல் இழுவைப் பாதை. மறுபக்கம் மரத்தொட்டி, உள்ளே பச்சை நிறத்தில் அசையாத தண்ணீர். ஐந்தாறு அடிக்குக் கீழே ஓடை வேறு திசையில், வேறு வேகத்தில் ஓடுகிறது. ஒரு தண்ணீரின் சத்தம் கேட்கிறது, இன்னொரு தண்ணீர் சத்தமே இல்லாமல் அதைக் கடந்துபோகிறது. அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும்.

அப்பா பாதையின் ஓரத்தில் மண்டியிட்டுத் தொட்டிப் பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது, சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பலகைகளின் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஓடையில் விழுந்துகொண்டிருந்தது.

"கசியுதுப்பா."

"கசியட்டும். நனைஞ்சுகிட்டே இருந்தாத்தான் பலகை உப்பி இறுகும். காய விட்டாத்தான் ஆபத்து" என்றார்.

சுற்றுலாப் படகில் தொட்டியைக் கடந்தோம். சில நிமிஷம்கூட ஆகவில்லை. இறங்கியதும், "நேத்துப் பாத்தது இதைப்போல நாலு மடங்கு" என்று மட்டும் சொன்னார். மாலையில் வீடு திரும்பும்போது, கேட்காமலே ஃபோர்ட் ஹண்டர் பக்கம் வண்டியைத் திருப்பினேன். பத்து நிமிஷம் நின்றோம். தண்ணீர் நேற்றைப் போலவேதான் இருந்தது.

வியாழக்கிழமை, வீட்டிலிருந்து

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். ஸ்கோஹாரியில் பர்ட்டன்ஸ்வில் என்ற இடத்தில் நீரளவு மானி வைத்திருக்கிறார்கள், வினாடிக்கு எத்தனை கன அடி போகிறது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அப்பாவின் போனில் அதைப் போட்டுக்கொடுத்தேன். இங்கும் கன அடிதான் என்பதில் அவருக்கு நிம்மதி. தினமும் காலையில் காபியோடு மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பார். இந்த வாரம் அதற்கு அடுத்து ஸ்கோஹாரியையும் பார்க்கிறார்.

நேற்றிரவு கேட்ஸ்கில் பக்கம் மழை. இன்று காலை நான் எழுந்து வருவதற்குள் அவர் மேசையருகே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏறியிருக்கும்மா," என்றார், "ஆனா பயப்படுற அளவு இல்ல."